வாரத்துக்கு ஒரு பிரியட்: வேலூர்ப் பள்ளிகளில் தொழில் வழிகாட்டல் எப்படி இருக்கிறது?

வேலூர்ப் பக்கம் ஒரு ஒன்பதாம் வகுப்பில் நுழைந்து, "படிச்சு என்ன ஆகப்போறீங்க?" என்று கேட்டால், வரும் பதில்கள் ஐந்தாறுக்குள் அடங்கிவிடும். டாக்டர், நர்ஸ், போலீஸ், டீச்சர், இன்ஜினியர், கலெக்டர். காரணம் எளிது. 1900-இல் தொடங்கிய சிஎம்சி ஊர் நடுவில் நிற்கிறது, காட்பாடியில் விஐடி, சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ். பிள்ளைகள் கண்ணில் படுகிற வேலைகளைத்தான் சொல்கிறார்கள். அதே மருத்துவமனைக்குள் ரத்தம் பரிசோதிப்பவர், டயாலிசிஸ் மெஷினைப் பார்த்துக்கொள்பவர், கண்ணாடிக்குப் பவர் பார்க்கும் ஆப்டோமெட்ரிஸ்ட், நோயாளிகளின் கோப்புகளைப் பராமரிப்பவர் என்று எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். அந்த வேலைகளின் பெயர்கள் வகுப்பறை வரை வந்து சேர்வதில்லை. ராணிப்பேட்டை பெல் ஆலையில் வெல்டருக்கு என்ன வேலை, ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் லைனைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று கேட்டாலும் இதே கதைதான்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் பள்ளிகளில் தொழில் வழிகாட்டல் வகுப்பு வந்தது. 2022 மார்ச் 1 அன்று தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பள்ளிப் பகுதி, 9 முதல் 12 வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. இதோடு மத்தியப் பாடத்திட்டத்தின் (சிபிஎஸ்இ) தொழிற்கல்விப் பாடங்களில் வரும் 'வேலைவாய்ப்புத் திறன்கள்' பகுதி இருக்கிறது. தனியார் நடத்தும் ஒருநாள் முகாம்களும் கட்டணச் சோதனைகளும் தனி. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரிந்து கிடக்கும் பழைய வட ஆர்க்காட்டுப் பகுதியில் ஒரு பெற்றோரோ, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினரோ, வழிகாட்டி ஆசிரியரோ இவற்றில் எதை நம்பலாம், எதில் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதைச் சொல்லவே இந்த மதிப்புரை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். தகவல் என்ற அளவில் அரசுச் சேவைக்குப் பக்கத்தில் எந்தத் தனியார் முகாமும் வராது. எந்தப் படிப்புக்கு எந்த குரூப் வேண்டும், எங்கே இருக்கிறது, நுழைவுத் தேர்வு உண்டா, உதவித்தொகை என்ன என்பதெல்லாம் தமிழிலேயே கிடைக்கிறது. காசு கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பவர்களுக்குக் கல்லூரிக் கனவு நிகழ்ச்சி, கல்லூரிகளுக்கே அழைத்துப்போகும் களப்பயணம், எங்கும் சேராமல் விட்டுப்போனவர்களைத் தேடிப்பிடிக்கும் உயர்வுக்குப் படி முகாம் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஏற்பாடு இருக்கிறது. சந்தேகம் கேட்க 14417 என்ற எண்ணும் உண்டு.

குறை எங்கே என்றால், பிரியட் ஓடும் விதத்தில். ஹைடெக் லேப் என்ற பள்ளிக் கம்ப்யூட்டர் அறையில் வீடியோ ஓடுகிறது, பிள்ளைகள் பார்க்கிறார்கள், மணி அடிக்கிறது, எழுந்து போகிறார்கள். கேட்ட தகவல் இரண்டு நாளில் மறந்துபோகிறது. தன் கையால் ஒரு படிவம் நிரப்பிய பிள்ளைக்கும், ஒரு போன் பேசிய பிள்ளைக்கும், பட்டறையில் பத்து நிமிடம் நின்ற பிள்ளைக்கும் மறக்காது. ஒரு பள்ளியில் இந்த வகுப்பு நன்றாக நடக்கிறதா என்று பார்க்க நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: இந்த மாதம் பிள்ளைகள் கையால் என்ன செய்தார்கள்?

நாட்டமறித் தேர்வும் கட்டணச் சோதனையும்

ஒரு பிள்ளைக்கு எதில் நாட்டம் என்று கண்டறியும் சோதனைகளில் பெரும்பாலானவை அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959-இல் முன்வைத்த ஆறு வகைப் பிரிவை ஒட்டியே வருபவை. கையால் செய்வது, ஆராய்வது, கலை, பிறருக்கு உதவுவது, பேசி முன்னின்று நடத்துவது, கணக்கும் ஒழுங்கும். நம் ஊரில் சொன்னால் மெக்கானிக், லேப் டெக்னீஷியன், கடைப் பெயர்ப் பலகை டிசைன் செய்பவர், நர்ஸ், மண்டி ஏஜென்ட், பேங்க் கிளார்க். ஒரு பிள்ளையிடம் பேச்சைத் தொடங்க இது நல்ல வழி. அதற்கு மேல் இதை நம்பக்கூடாது. நாட்டம் வேறு, திறமை வேறு. பார்த்தே இராத வேலையில் நாட்டம் உண்டா என்று கேட்டால் பிள்ளை ஊகித்துத்தான் டிக் அடிக்கும். "ஆய்வகத்தில் பணிபுரிய விரும்புகிறாயா?" என்ற கேள்விக்கு, ஆய்வகம் என்றால் பள்ளி கெமிஸ்ட்ரி லேப் மட்டுமே தெரிந்த பிள்ளை என்ன பதில் சொல்லும்?

பள்ளியில் நடக்கும் நாட்டமறித் தேர்வுக்குக் காசில்லை. ஆனால் முடிவை வைத்துக்கொண்டு ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையோடும் ஐந்து நிமிடமாவது உட்கார்ந்தால்தான் அதற்குப் பயன். 40 பேர் என்றால் 200 நிமிடம், அதாவது ஐந்து பிரியட். அந்த ஐந்து பிரியடைக் கால அட்டவணையில் முன்கூட்டியே ஒதுக்காத பள்ளியில் அந்தத் தாள் பீரோவில் தூங்கும்.

தனியார் சோதனைக்குப் பணம் கட்டச் சொன்னால், கட்டுவதற்கு முன் சிலவற்றைக் கேளுங்கள். கேள்விகள் தமிழில் இருக்கின்றனவா, அல்லது ஆங்கிலத்திலிருந்து அப்படியே மாற்றியதா? தமிழ்வழிப் பிள்ளைகளிடம் வைத்துப் பார்த்திருக்கிறார்களா? அறிக்கை கொடுத்த பிறகு யார் விளக்குவார், எத்தனை நிமிடம்? அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஏதாவது குறிப்பிட்ட கல்லூரியின் பெயர் வருகிறதா? கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றால், பிள்ளைக்கு வழிகாட்டுவதைவிட அந்தக் கல்லூரிக்கு ஆள் சேர்ப்பதுதான் அங்கே முதல் வேலை. பள்ளி மண்டபத்தில் முந்நூறு பேரை உட்காரவைத்து மைக்கில் ஒரு மணி நேரம் பேசும் முகாமையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். கைதட்டல் வரும், செல்ஃபி வரும். அடுத்த வாரம் ஒரு பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்காது.

குரூப் எடுக்கும் நேரம்

பத்தாவது ரிசல்ட் மே மாதம் வருகிறது. ஒரு வாரத்துக்குள் பிளஸ் ஒன் அட்மிஷன். அந்த ஒரு வாரத்தில் எடுக்கும் முடிவைப் பிறகு மாற்றுவது கடினம். ஆகவே குரூப் பற்றிய வகுப்பு ஒன்பதாவது முடிவதற்குள் நடந்துவிட வேண்டும். பத்தாவது டிசம்பரில் நடத்தினால் ரிவிஷன் டெஸ்டுக்கு நடுவில் யார் காதிலும் ஏறாது.

வகுப்பில் இதைச் சொல்லித்தர எளிய வழி, பின்னாலிருந்து முன்னால் வருவது. பிஎஸ்சி நர்சிங், லேப், ரேடியாலஜி போன்ற படிப்புகள் வேண்டுமா, பயாலஜி இருக்க வேண்டும். இன்ஜினியரிங் வேண்டுமா, மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி. காமர்ஸ் எடுத்தால் பிகாம், சிஏ போன்ற வாசல்கள் திறக்கும், பொறியியல் வாசல் மூடும். இரண்டு வாசலையும் திறந்து வைக்கும் பயோ மேத்ஸ் குரூப்தான் சிறந்தது என்று எல்லோரையும் அதில் தள்ளுவது இங்கே வழக்கம். அது தவறு. கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறிய பிள்ளை அங்கே இரண்டு வருடம் கஷ்டப்பட்டு, குறைந்த மார்க்கோடு வெளியே வந்து, கடைசியில் கணக்கே தேவைப்படாத படிப்பில் சேர்கிறது.

இதற்கு இணையாக இன்னொரு பாதையும் இருக்கிறது, அதை வகுப்பில் யாரும் போதுமான அளவு சொல்வதில்லை. பத்தாவது முடித்து ஐடிஐயில் இரண்டு வருடம் ஃபிட்டரோ எலக்ட்ரீஷியனோ படித்தால், பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தால் பிஇ-யில் நேரடியாக இரண்டாம் ஆண்டு. தமிழ், ஆங்கிலம் மொழித் தேர்வு எழுதித் தேறினால் ஐடிஐ முடித்தவருக்குப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான தகுதியும் உண்டு. ஆக ஐடிஐ போனால் படிப்பு முடிந்துபோச்சு என்று பெற்றோர் அழ வேண்டியதில்லை. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சீருடை, சைக்கிள் எல்லாம் உண்டு. வேலூருக்கு அப்துல்லாபுரத்தில் அரசு ஐடிஐ, தொரப்பாடியில் அரசு பாலிடெக்னிக், பாகாயத்தில் தந்தை பெரியார் அரசு பொறியியல் கல்லூரி. ஒரே ஊரைச் சுற்றி மூன்று படியும் இருக்கின்றன. இதை ஒரு சார்ட்டில் வரைந்து வகுப்பில் நிரந்தரமாக ஒட்டிவைக்கலாம். இரண்டு, இரண்டு, மூன்று என்று வருடக் கணக்கையும் போட்டுக் காட்டுங்கள்: பத்தாவதிலிருந்து பிஇ முடிக்க ஏழு வருடம். பிளஸ் டூ வழியாக ஆறு வருடம். வித்தியாசம் ஒரே ஒரு வருடம், கையில் தொழிலோடு.

ஐடிஐ விசிட்: என்ன பார்க்க வேண்டும்

பிள்ளைகளை ஐடிஐக்கோ பட்டறைக்கோ அழைத்துப்போவது இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி. மோசமாக நடப்பதும் இதுதான். எண்பது பேரை ஒரே பஸ்ஸில் ஏற்றிப்போய், ஒவ்வொரு பிரிவிலும் ஐந்து நிமிடம் வாசலில் நிறுத்திக் காட்டித் திரும்பினால் டூர் போனது போல. ஒரு தடவைக்கு இருபது பேர் போதும். இரண்டு பிரிவு போதும். மூடிய செருப்போ ஷூவோ கட்டாயம். துப்பட்டாவைப் பின் குத்தியிருக்க வேண்டும். பதினெட்டு வயது ஆகாதவர்கள் ஓடும் மெஷினைத் தொடக்கூடாது என்று அழைத்துப்போகும் ஆசிரியர் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தவுடன் முதல் வாரங்களில் மெஷினெல்லாம் கிடையாது. வைஸ் என்ற பிடிகருவியில் ஓர் இரும்புத் துண்டைக் கட்டி, அரத்தால் சமமாக ராவ வேண்டும். ட்ரை ஸ்கொயர் என்ற மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் வெளிச்சம் ஊடே தெரியக்கூடாது. வந்த பிள்ளைகள் ஆளுக்குப் பத்து நிமிடம் அரம் பிடிக்கட்டும் என்று பயிற்றுநரிடம் கேளுங்கள், சந்தோஷமாக ஒப்புக்கொள்வார்கள். முதல் மூன்று நிமிடம் சிரிப்பு. ஐந்தாவது நிமிடம் தோள் வலிக்கும். எட்டாவது நிமிடத்தில் சில பிள்ளைகள் அரத்தைக் கீழே வைத்துவிடுவார்கள், சிலர் மட்டும் நாக்கைக் கடித்துக்கொண்டு அந்த ஓரத்தை நேராக்கப் பார்ப்பார்கள். எந்த நாட்டமறித் தேர்வும் சொல்லாததை அந்த எட்டாவது நிமிடம் சொல்லிவிடும். ஆசிரியர் அந்த நேரம் போனைப் பார்க்காமல் பிள்ளைகளின் கையைப் பார்க்க வேண்டும், குறிப்பும் எடுக்க வேண்டும்.

திரும்பி வந்ததும் "நான் கண்டது" என்று கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். மூன்று கேள்வி போதும்: அங்கே வேலை செய்பவர் நாள் முழுக்க நிற்கிறாரா, உட்காருகிறாரா? ஒரு தப்பு செய்தால் என்ன கெட்டுப்போகும்? அவர் யாரிடம் எப்படிக் கேட்டு வேலை கற்றுக்கொண்டார்? மூன்றாவதற்குப் பதில் தெரிய வேண்டுமென்றால் பிள்ளை அவரிடம் பேசியிருக்க வேண்டும்.

பேசும் பயிற்சி

மத்தியப் பாடத்திட்டத்தின் வேலைவாய்ப்புத் திறன்கள் பகுதியில் ஐந்து அலகுகள்: தகவல் தொடர்பு, தன்னைத் தானே நிர்வகித்தல், கணினி, தொழில்முனைவு, பசுமைத் திறன்கள். நூறு மதிப்பெண் பாடத்தில் இதற்கு 10 மதிப்பெண். பத்து மார்க்குதானே என்று மனப்பாடம் செய்ய வைத்து முடித்துவிடுகிறார்கள். "தகவல் தொடர்பின் கூறுகள் யாவை?" என்ற கேள்விக்குப் பிழையில்லாமல் எழுதும் பிள்ளைக்கு, கம்பெனியிலிருந்து போன் வந்தால் "ஹலோ, யாரு?" என்பதைத் தாண்டி வாயில் ஒரு வார்த்தை வராது.

நேர்முகப் பயிற்சியை நாற்பது நிமிடப் பிரியடில் எப்படி நடத்துவது? மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள். ஒருவர் கேட்பவர், ஒருவர் பதில் சொல்பவர், ஒருவர் பார்த்துக் குறிப்பெடுப்பவர். எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றினால் 24 நிமிடத்தில் எல்லோருக்கும் மூன்று பாத்திரமும் கிடைத்துவிடும். முன்னால் ஐந்து நிமிடம் விளக்கம், கடைசியில் பத்து நிமிடம் பேச்சு. நாற்பது பேர் இருந்தால் பன்னிரண்டு மூவர் குழு, ஒரு நால்வர் குழு. ஒரே அறையில் பதின்மூன்று குழு பேசினால் காது கிழியும். பாதிப் பேரை வராந்தாவுக்கோ மரத்தடிக்கோ அனுப்பிவிடுங்கள். குறிப்பெடுப்பவருக்குக் கொடுக்கும் தாளில் மூன்றே வரி: முகம் பார்த்துப் பேசினாரா? கேள்வி புரியாதபோது திருப்பிக் கேட்டாரா? ஒரு உதாரணம் சொன்னாரா? "நல்லா பேசினார்" என்று எழுத இடமே வைக்காதீர்கள்.

பெரும்பாலும் தடுக்குவது இரண்டாவது வரியில்தான். கேள்வி புரியவில்லை என்றால் தலையை ஆட்டிவிடுவது நம் வகுப்பறைகளில் ஊறிப்போன பழக்கம். "சார், கொஞ்சம் திருப்பிச் சொல்ல முடியுமா?" என்ற ஒரு வரியை வாய்விட்டு இருபது தடவை சொல்லவைத்தால்தான் உண்மையான இடத்தில் வரும். வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் நடக்கும் தப்புகளில் பல, புரியாததைப் புரிந்ததாகச் சொன்னதால் வருபவை.

பயோடேட்டா எழுதும் வகுப்பில், "அனுபவம்" என்ற இடத்தில் பிள்ளைகள் கோடு போட்டு விட்டுவிடுகிறார்கள். பொழுதுபோக்கில் டிவி பார்ப்பது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் வெளியே வரும்: காலையில் எழுந்து பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றிக் கணக்கு எழுதுகிற பிள்ளை, குடியாத்தத்தில் வீட்டுத் தறியில் நூல் சுற்றிக்கொடுக்கிற பிள்ளை, கடையில் சனிக்கிழமை கல்லாவில் உட்காருகிற பிள்ளை. "தினமும் பால் கணக்கு எழுதி வாரக் கடைசியில் சரிபார்ப்பேன்" என்பது பதினாறு வயதுக்கு நல்ல அனுபவ வரி. இதை வெட்கப்படாமல் எழுத வைப்பது ஆசிரியர் கையில் இருக்கிறது.

தன்னை நிர்வகித்தல் என்ற அலகில் சம்பளக் கணக்கைச் சேர்த்துவிடுங்கள், பாடப்புத்தகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். மாதம் 15,000 என்று சொல்லி எடுத்தால் கையில் 15,000 வராது என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் சம்பளத்தன்றுதான் தெரிகிறது, "ஏமாத்திட்டாங்க" என்று வேலையை விட்டுவிட்டு வருபவர்களும் உண்டு. அடிப்படைச் சம்பளம் 12,000 என்றால் பிஎஃப் 12 சதவீதம், 1,440. இஎஸ்ஐ மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம், 113. கைக்கு வருவது 13,447. அந்த 113 ரூபாய்க்கு உடம்புக்கு முடியாதபோது சிகிச்சை கிடைக்கும், அந்த 1,440-உடன் முதலாளியும் பங்கு போடுகிறார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளை சம்பளச் சீட்டை வேறு கண்ணோடு பார்க்கும்.

பசுமைத் திறன்கள் என்ற அலகுதான் எல்லா ஊரிலும் "மரம் நடுவோம்" என்ற அளவில் முடிந்துவிடுகிறது. பாலாற்றங்கரையில் அப்படி முடிக்க நமக்கு நியாயமே இல்லை. தோல் பதனிடும் கழிவு பற்றி வேலூர் மக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டிய தீர்ப்பு. நம் ஊர் ஆற்றைப் பற்றியது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை நடத்த ஆபரேட்டர் வேண்டும், நீரைச் சோதிக்கக் கெமிஸ்ட்ரி படித்தவர் வேண்டும், பம்பைப் பழுதுபார்க்க ஃபிட்டர் வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுப் பிள்ளைகளுக்குப் பசுமை வேலை என்றால் முதலில் இதுதான்.

சான்றிதழ்: இங்கேதான் கதவு மூடுகிறது

மார்க் இருந்தும் சீட் போன பிள்ளைகளைக் கேட்டால், காரணம் பெரும்பாலும் ஒரு பேப்பர். இதை வழிகாட்டல் வகுப்பில் பாடமாகவே வைக்க வேண்டும்.

பெயரிலிருந்து தொடங்குங்கள். ஆதாரில் "கவிதா சேகர்", டிசியில் "கவிதா எஸ்", பேங்க் பாஸ்புக்கில் "எஸ் கவிதா". மூன்றும் ஒரே பிள்ளைதான் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பத்தாவது பொதுத்தேர்வுக்கு நாமினல் ரோல், அதாவது தேர்வு எழுதுவோர் பட்டியல், போகும் முன் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் பிள்ளையே பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மார்க் ஷீட் அச்சாகி வந்த பிறகு திருத்துவது மாதக்கணக்கில் இழுக்கும். ஒன்பதாவதிலேயே ஒரு பிரியட் ஒதுக்கி, ஆதார் நகல், பாஸ்புக் நகல், எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் ஆன்லைன் மாணவர் பதிவு) விவரம் மூன்றையும் மேசையில் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வையுங்கள். நாற்பது பேரில் எத்தனை பேருக்குப் பொருந்தவில்லை என்று பார்த்தால் நமக்கே திகைப்பாக இருக்கும்.

15 வயதில் ஆதாரில் கைரேகையும் கருவிழியும் புதுப்பிக்க வேண்டும். இது நடக்காவிட்டால் பிறகு சரிபார்ப்பில் நிற்கும். உயர்கல்விக்குப் போகும் பிள்ளைகளுக்கான புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கில்தான் வரும் என்பதால், கணக்குத் திறப்பதும் இதே சமயத்தில்.

போன் நம்பர் இன்னொரு தலைவலி. விண்ணப்பத்தில் அப்பா நம்பர் கொடுத்திருப்பார்கள். ஓடிபி வரும்போது அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார். அல்லது ரீசார்ஜ் செய்யாமல் நம்பரே போயிருக்கும். இமெயில் ஐடியை பிரவுசிங் சென்டர்காரர் உருவாக்கிக் கொடுத்திருப்பார், பாஸ்வேர்டு அவரிடம் இருக்கும். ஹைடெக் லேபில் ஒரு பிரியட் போதும், ஒவ்வொரு பிள்ளையும் தன் ஐடியைத் தானே உருவாக்கி, பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வைக்க. கணினி அலகில் உருப்படியாக ஒன்றே ஒன்று செய்ய முடியுமென்றால் இதைச் செய்யுங்கள்.

சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி. இந்த நான்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிப்பவை, ஒன்றுக்கு 60 ரூபாய். ரிசல்ட் வந்த பிறகு எல்லோரும் ஒரே வாரத்தில் போய் நின்றால் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று ஒவ்வொரு மேசையிலும் தேங்கும். ஜனவரியிலேயே முடித்துவிடலாம். பழங்குடியினர் சான்றிதழ் தாசில்தாரிடம் கிடைக்காது, கோட்டாட்சியரிடம் போக வேண்டும். பீஞ்சமந்தை போன்ற மலை ஊர்களிலிருந்து கீழே இறங்கி வந்து போகும் குடும்பங்களுக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி. அவர்களுக்கு எட்டாவதிலேயே தொடங்குங்கள். முதல் பட்டதாரிச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான். அக்கா வாங்கியிருந்தால் தம்பிக்கு இல்லை. இதைத் தெரியாமல் விண்ணப்பித்து, நிராகரித்த பிறகு பணத்துக்கு ஓடுகிறார்கள்.

இன்ஜினியரிங் கலந்தாய்வையும் ஒருமுறை தாளில் ஒத்திகை பாருங்கள். கணக்கு 78, பிசிக்ஸ் 70, கெமிஸ்ட்ரி 64 என்றால் கட்ஆஃபுக்குக் கணக்கு மார்க் முழுதாக 78, அதோடு பிசிக்ஸில் பாதி 35, கெமிஸ்ட்ரியில் பாதி 32, மொத்தம் 200-க்கு 145. இதைப் பிள்ளையே போட வேண்டும். பிறகு கல்லூரிக் குறியீட்டு எண்ணோடு இருபது விருப்பங்களை வரிசையாக எழுத வேண்டும். ஆசைப்பட்ட மூன்று கல்லூரியை மட்டும் போட்டுவிட்டு எதுவும் கிடைக்கவில்லை என்று நிற்பது வருடாவருடம் நடக்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, அதில் சேர்ந்தால் கல்வி, விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. நடுவில் ஒரு வருடம் தனியார் பள்ளிக்குப் போய் வந்திருந்தால் சிக்கல் வரலாம். பள்ளி மாற்றுவதற்கு முன் பெற்றோருக்கு இதைச் சொல்ல வேண்டும்; மாற்றிய பிறகு சொல்லிப் பயனில்லை.

அதனால்தான், பெற்றோர் இல்லாமல் நடக்கும் வழிகாட்டலுக்கு நாங்கள் பாதி மார்க்குதான் போடுவோம். வகுப்பில் பிள்ளை லேப் டெக்னீஷியன் என்று முடிவெடுத்துவிட்டு வீட்டுக்குப் போனால், மாமா ஒரு வார்த்தையில் மாற்றிவிடுவார். குறிப்பாகப் பெண் பிள்ளைகள் விஷயத்தில் கேள்வி படிப்பு பற்றியே இருக்காது: பஸ் எத்தனை மணிக்கு, ஹாஸ்டலில் யார் இருப்பார்கள், திரும்பி வர இருட்டிவிடுமா? கூட்டத்துக்கு அழைக்கும்போதே இந்த மூன்றுக்கும் பதிலோடு இருங்கள். கூட்டம் வேலை நாளில் காலை பத்து மணிக்கு வைத்தால் கம்பெனி வேனில் போகும் அம்மாக்கள் வரவே முடியாது. ஞாயிறு காலை, இல்லையென்றால் மாலை ஆறு மணிக்கு மேல்.

கடைசியாக, ஒரு நோட்டு. பன்னிரண்டாவது முடித்த ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரே எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் அல்லது எந்த வேலை என்று ஆகஸ்ட் வரை எழுதும் நோட்டு. உயர்வுக்குப் படி முகாமுக்கு யாரை அழைப்பது என்று இதிலிருந்துதான் தெரியும். ஐந்து வரி காலியாக இருந்தால் அந்த ஐந்து வீட்டுக்கு யாராவது நேரில் போக வேண்டும், போன் போதாது. பல வீடுகளில் பிள்ளை போனை எடுக்காது. போன ஜூனில் பாஸ் ஆகி வீட்டில் இருக்கிற பிள்ளை, அடுத்த ஜூனில் ஐடிஐயில் சேர இன்னும் தாமதமில்லை என்று வாசலில் நின்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.